சிவப்புப் பட்டைச் சட்டி

"பால் செம்பை உள்ளே வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது, தைலம்மா!"

மாமியார் ஹபீபா அத்தையின் குரல் காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. ரூத் செம்பைச் சமையலறை நிலைக்கு வெளியே நகர்த்தி வைத்தாள். கல்யாணத்துக்காக அவள் யூத மதத்தில் சேர்ந்தபோது ரூத் என்று ஆசையாகப் பெயர் வைத்ததே இந்த அத்தைதான். ஒரு வருஷமாகப் பழைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். நீ எங்களில் ஒருத்தி இல்லை என்று சொல்ல அதைவிடச் சுருக்கமான வழி ஏது!

ஹபீபாவின் குடும்பம் பாக்தாத்திலிருந்து வந்து, மெட்ராஸில் இரண்டு தலைமுறை வியாபாரம் செய்துவிட்டு ரங்கூனில் குடியேறியது. தமிழில் திட்ட அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த வீட்டில் இறைச்சிக்கு ஒரு சட்டி, பாலுக்கு வேறு சட்டி. எல்லாம் பக்கத்து ஊரான த்வாண்டேயில் செய்த மண்சட்டிகள்தான். இறைச்சிச் சட்டியின் விளிம்பில் சிவப்புப் பட்டை, பால் சட்டிக்கு வெள்ளை. இரண்டும் கலந்தால் அவர்கள் வேதத்துக்கு ஆகாது. போன வருஷம் யூதப் புத்தாண்டுக்கு முன்னால் யாரோ சிவப்புப் பட்டைச் சட்டியில் பால் காய்ச்சிவிட்டார்கள். மண்சட்டிக்குப் பரிகாரம் கிடையாது, போட்டு உடைத்தார்கள். "யார் செஞ்சது?" என்று அத்தையின் மகன் சாசூன் கத்தியபோது, "நான்தாங்க" என்றாள் அவன் மனைவி ரூத்.

செய்தது அவளல்ல. அத்தையின் கை அலமாரியில் தடவித் தடவிச் சட்டி தேடியதை அவள் பார்த்திருந்தாள். அம்மாவுக்குக் கண்ணில் புரை என்று தெரிந்தால் மகன் அன்றைக்கே அவளை மூலையில் உட்கார வைத்துவிடுவான். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு அந்த அடுப்பங்கரையை விட்டால் வேறு என்ன இருக்கிறது? அதனால் பழியை ரூத் ஏற்றாள். அன்றிலிருந்து அவள் சமையலறைக்குள் கால் வைக்கக் கூடாது, வெள்ளிக்கிழமை விளக்கைத் தொடக் கூடாது.

இந்த வருஷப் புத்தாண்டும் வந்தது. ஜெப ஆலயத்தில் ஆட்டுக்கடாக் கொம்பு ஊதினார்கள். பத்தாம் நாள் பாவமன்னிப்பு நோன்பு. அது இன்று சாயங்காலம் தொடங்குகிறது.

நோன்புக்கான வெள்ளைத் துணிகளை உதறிக்கொண்டிருந்த ரூத், சமையலறைக் கதவு வழியே பார்த்து விக்கித்துப்போனாள். அத்தையின் ஒரு கையில் சிவப்புப் பட்டைச் சட்டி! இன்னொரு கையில் பால் செம்பு...

பேசினால் அத்தையின் மானம் போகும். பேசாவிட்டால் நோன்பு நாளில் அவள் தலையில் பாவம் ஏறும். ரூத் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் அத்தை! அது இறைச்சிச் சட்டி!"

"உள்ளே ஏன் வந்தே? எனக்கா சட்டி தெரியாது?"

ஹபீபா சட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். கண்ணருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"போன வருஷமும்... நான்தானா?"

ரூத் சட்டியை மெல்ல வாங்கித் தரையில் வைத்தாள்.

சத்தம் கேட்டு சாசூன் வந்தான். நல்லவன்தான், யாரைக் கோபிப்பது என்பதில் மட்டும் அவனுக்கு யோசனையே கிடையாது.

"மறுபடியும் நீயா ரூத்? இன்னிக்குமா!"

"ஆமாங்க, நான்தான்..."

முடிப்பதற்குள் அத்தையின் உள்ளங்கை அவள் வாயைப் பொத்தியது.

"போதும்டி! என் பாவத்தை இன்னும் எத்தனை வருஷம் சுமப்பே? சாசூன்... நான்தான்டா. அன்னைக்கும் நான்தான். எனக்குக் கண்ணு தெரியலை!"

மருமகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"கடவுளுக்குச் செஞ்ச தப்பைக் கடவுள் மன்னிப்பாரு. உனக்குச் செஞ்சதை நீதான் மன்னிக்கணும். அதுக்கு அப்புறம்தான் நான் அவர்கிட்டப் போக முடியும்."

"விடுங்கத்தை... பெரியவங்க நீங்க..."

"விடமாட்டேன். வாயைத் திறந்து சொல்லு!"

ரூத்துக்கு அழுகை பொங்கியது.

"உள்ளே வராதேன்னீங்க, பொறுத்துக்கிட்டேன். தைலம்மான்னு கூப்பிட்டீங்களே... அதைத்தான் அத்தை தாங்க முடியலை! மன்னிச்சுட்டேன்... பொய் சொன்னதுக்கு என்னையும் மன்னிச்சிடுங்க."

ஹபீபா அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

சாசூன் பக்கத்தில் வந்தான். "என்னையும் மன்னிச்சிடு ரூத். அம்மா, இனிமே நீங்க சமைக்க வேண்டாம்..."

"அதெல்லாம் நீங்க சொல்லாதீங்க!" ரூத் கண்ணைத் துடைத்தாள். "சூரத்தி பஜாருக்குப் போய்ப் பித்தளைக் கம்பி வாங்கிட்டு வாங்க. மன்னிப்பெல்லாம் அப்புறம்."

மத்தியானத்துக்குள் ஒவ்வோர் இறைச்சிச் சட்டியின் காதிலும் கம்பி சுற்றியாகிவிட்டது. ஹபீபா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் நோன்பு விளக்கில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டாயிற்று. ஹபீபா தீப்பெட்டியை நீட்டினாள்.

"நீ ஏத்து, ரூத்."

ரூத் குச்சியைக் கிழித்தாள். கண்ணீரில் அவளுக்கும் திரி தெரியவில்லை. அத்தையின் கை தடவி வந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்து, மெல்ல விளக்குக்குக் கொண்டுபோனது.