மூணு தரம்

சமையலறை ஒலிப்பெட்டியில் இரண்டு மூச்சுகள் கேட்டன. பேத்தி தொட்டிலில் அழுதால் இங்கே கேட்கட்டும் என்று வாங்கிய பெட்டி; இப்போது அதன் மறுமுனை படுக்கையறையில், லோர்னாவின் கணவர் மெர்வ் படுத்திருந்த கட்டிலின் தலைமாட்டில் இருந்தது. அந்த அறையில் மெர்வைத் தவிர ஆளில்லை.

வடக்கேயிருந்து வந்த அனல்காற்று தகரக் கூரையை நெளித்து முனகவைத்து, செம்மறி ரோம நெடியையும் யூகலிப்டஸ் வாசத்தையும் ஜன்னல் வலைக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. காற்றாகத்தான் இருக்கும் என்று லோர்னா டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

மெர்வ் ஆட்டுச் சந்தையில் சுத்தியல் தட்டி ஏலம் கூவியே வாழ்ந்தவர். ஈரலில் புற்று முற்றியதும் சாக உதவும் சட்டத்தை அவரே விசாரித்தார். அது கறாரான கடை. டாக்டர் தானாகப் பேச்செடுக்கக் கூடாது. நோயாளியே மூன்று முறை கேட்க வேண்டும். எந்த நிமிஷமும் வேண்டாமென்று எழுந்து போகலாம். இருமுறை கேட்டாயிற்று. மூன்றாவது இன்று, டாக்டர் வீட்டுக்கு வரும்போது. நேற்று லோர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் சுத்தியல் விழலையே, லோர்னா. ஆட்டைத் திருப்பி ஓட்டிக்கிட்டுப் போயிடலாம்."

அவருக்கு மனம் மாறிவிட்டதென்று அவள் உடனே டாக்டருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவு தூரம் காரோட்டி வருகிறவளை வராதே என்பது மரியாதையா? டீ குடிக்கும்போது அவரே சொல்லட்டும் என்று கேக் சுட்டு வைத்தாள். விடிந்தபோது மெர்வுக்குப் பேச்சு போயிருந்தது.

டாக்டர் வந்திறங்கியதும் வாசலிலேயே லோர்னா எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் ஹெலன் பொறுமையாகக் கேட்டாள். இதில் மனைவியின் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை, சைகையானாலும் அவருடையதாக இருக்க வேண்டும் என்றுவிட்டு, தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

பெட்டி கரகரத்தது.

"மெர்வ், இப்பவும் உங்களுக்கு விருப்பம்தானா?"

ஹெலனுடையதோடு மூன்று மூச்சுகள். ஒன்று நின்றது.

பிறகு குரல். நோயாளியின் குரலல்ல. சந்தைக்கே கேட்கும் பழைய குரல்.

"மூணு தரம். வேணும், டாக்டர்."

ஹெலன் சமையலறைக்கு வந்தாள். "பேச்சு போச்சுன்னீங்க? கணீர்னு சொன்னாரே."

லோர்னா படுக்கையறைக்கு ஓடினாள்.

மெர்வின் உதடுகள் காய்ந்து ஒட்டிக் கிடந்தன. கண்கள் அவளைத் தாண்டி எதையோ பார்த்தன. தலை மட்டும் அசைந்தது. இடம். வலம். இடம்.

அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு மூச்சு.

அப்போது சமையலறைப் பெட்டி பேசியது. லோர்னாவின் குரல்.

"ஒரு தரம், டாக்டர்."

நானில்லை என்று கத்தப் போனாள். உதடுகள் பிரியவில்லை.

அங்கே, பெட்டிக்கு அருகே, நாற்காலி இழுபட்டது.

"கேக்குறேன், லோர்னா," என்றாள் ஹெலன், அன்பாக. "நிதானமாச் சொல்லுங்க."