ஒன்று என்றால் ஆமாம்

ஒருமுறைதான் அழுத்தினான். திரையில் இரண்டு என்று விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். திரைச்சீலையில் வடிகட்டிய வெயில் மேசைமேல் மங்கலாகக் கிடக்க, உருகிய ஈயத்தின் புகை மூக்கிலேயே தங்கிவிட, மின்விசிறி தலைக்குமேல் கிறீச்சிட்டுச் சுற்ற, அவன் அந்தக் கையடக்க கேம் கருவியின் போர்டோடு மூன்று மணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். தங்கைக்குச் செய்து தருவதாகச் சொன்ன கருவி. அவள் செத்து இரண்டு மாதம் ஆன பிறகு சொன்ன சொல்லைக் காப்பாற்றி என்ன கிழிக்கப்போகிறான்? ஆனாலும் பாதியில் விட மனசு வரவில்லை.

ஓங்கி அழுத்தினான். ஒன்று. தொட்டும் தொடாமலும் அழுத்தினான். இரண்டு. திரும்பத் திரும்ப அதே கதைதான். பட்டனுக்குள் இருக்கும் தகடு தேய்ந்துவிட்டது. மெல்ல அழுத்தினால் ஒருமுறை பட்டு, துள்ளி விலகி, மறுபடி படுகிறது. "சனியனே" என்று முனகிக்கொண்டு, துள்ளலை அடக்க ஒரு சின்ன கெப்பாசிட்டரை எடுத்தான்.

எடுத்த கை அப்படியே நின்றது.

தங்கையின் கட்டிலிலிருந்து கழற்றிய பட்டன் அது. பக்கவாதத்தில் அவளுக்குப் பேச்சு போய், ஒரு கட்டைவிரல் மட்டும் மிஞ்சியபோது, இந்தப் பட்டனை வைத்து மணி அடிக்கும் பெட்டி ஒன்று செய்து கட்டிலில் மாட்டியிருந்தான். ஒருமுறை அடித்தால் ஆமாம். இரண்டு முறை என்றால் இல்லை. முதல் நாள், "உங்கண்ணன் அழகா?" என்று அம்மா கேட்டதற்கு டக்டக்கென்று இரண்டு அடித்தாள். வீடே சிரித்தது.

அப்போது விரலில் பலம் இருந்தது.

கடைசி வாரம் இல்லை. "வலிக்குதா குட்டி?" இரண்டு. "மூச்சு முட்டுதா?" இரண்டு. "டாக்டரக் கூப்பிடவா?" இரண்டு. சரி, நன்றாகத்தான் இருக்கிறாள் என்று விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தான்.

அடப்பாவி. படுத்துத் தூங்கினான்.

"சாப்பாடு ஆறுதுடா," பக்கத்து அறையிலிருந்து அம்மா. "அவளயே நெனச்சுட்டு உக்காராத. நிம்மதியாத்தான் போனா. வலிக்கலன்னு அவளே சொன்னாளே."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா நடமாடுகிறாள். அவன் கெப்பாசிட்டரைப் போர்டில் பற்றவைத்தான். மெல்லத் தொட்டான். ஒன்று. எண்ணை அழித்துவிட்டு மறுபடி தொட்டான். ஒன்றேதான். சரியாகிவிட்டது.

எண்ணை அழித்துவிட்டுக் கையை எடுத்தான்.

ஒன்று.

மின்விசிறி நின்றிருந்தது. எப்போது நின்றது? மருந்து வாசனை. தங்கையின் அறையில் இருந்த அதே வாசனை.

"வலிக்குதா குட்டி?" மெல்லக் கேட்டான்.

ஒன்று.

"மூச்சு..."

ஒன்று.

பேட்டரியைப் பிடுங்கினான். திரை அணைந்தது. பட்டன் அமுங்கியது. எழுந்தது. அமுங்கியது.

"யார்கிட்டடா பேசற?" அம்மா வாசலில் நின்றாள். அவன் போர்டைப் பொத்துவதற்குள் பார்த்துவிட்டாள். அவளுக்கா தெரியாது அந்தப் பட்டன்? பயப்படவில்லை. ஓடிவந்தாள். மேசைமேல் குனிந்தாள்.

"அம்மா, கேக்காதம்மா. எதுவும் கேக்காத."

"சும்மா இருடா." முகமெல்லாம் கண்ணீர். "என் தங்கமே... இப்ப நல்லாருக்கியாடி?"

பட்டன் அமுங்கியது. எழுந்தது.

அம்மா சிரித்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு, வாய்விட்டு.

பட்டன் மறுபடி அமுங்கியது.