காலி அறையின் ஒலி

காலி அறையின் ஒலியைக் கேட்டுவிட்டு இயந்திரம் ஒரு வரி எழுதியிருந்தது. 'அவ போயிட்டா.'

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவள் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தில், பேச்சைக் கேட்டு வேறு மொழியில் எழுதித்தரும் இயந்திரம் ஒன்றைப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பேசக் கற்றுக்கொடுத்ததைவிட வாயை மூடக் கற்றுக்கொடுப்பது பெரும்பாடாக இருந்தது. யாருமே பேசாவிட்டாலும் மின்விசிறிச் சத்தத்தை வைத்துக்கொண்டு எதையாவது உளறும். அதனால் குழுவில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் ஆளில்லாத ஓர் அறையின் ஒலியைப் பதிவுசெய்து கொண்டுவர வேண்டும். இதுதான் மௌனம், தெரிந்துகொள் என்று அதற்குப் பாடம் நடத்தத்தான். அவள் மகளின் அறையைப் பதிவுசெய்திருந்தாள், மகள் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில்.

"மெஷின் உளறுது, விடும்மா," என்றார் குழுத்தலைவர். இளநரை கண்டவர், எல்லோருக்கும் அவர் வெள்ளைத்தலை. "என் வீட்டுச் சமையலறையைக் குடுத்தேன், கப்பல் கிளம்பிடுச்சுன்னு எழுதுச்சு. மறுபடி போட்டா, நன்றி வணக்கம்னுது. என் வீட்டம்மா விழுந்து விழுந்து சிரிச்சா."

"என்னோடது மாறவே மாட்டேங்குது சார். எத்தனை தடவை போட்டாலும் அதே வரிதான்."

வெள்ளைத்தலை தோளைக் குலுக்கிவிட்டுக் காப்பி எடுக்கப் போய்விட்டார்.

மகளுக்கு நாலு வயது. இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அழுதால்கூடக் கண்ணீர்தான் வரும். காதும் தொண்டையும் நன்றாகத்தான் இருக்கின்றன என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். "ஊருக்கெல்லாம் பேச்சைப் புரியவைக்கிறியாமே," என்று மாமியார் போனில் குத்திக்காட்டுவார். அதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். அம்மா என்று ஒரே ஒரு தடவை அந்தக் குழந்தை கூப்பிட்டால் போதும், அதற்கு எதை வேண்டுமானாலும் கொடுப்பாள். அந்த வரியைப் பார்த்ததும் பயத்தோடு ஒரு நப்பாசையும் அவளுக்குள் எட்டிப்பார்த்தது. அந்த நேரத்தில் குழந்தை வீட்டிலேயே இல்லை என்று தெரிந்தும்.

அன்று மடிக்கணினியை வீட்டுக்கு எடுத்துவந்தாள். கணவன் வெளியூரில். விளக்குப் போடும் நேரத்தில், மகள் கட்டிலில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். இவள் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திவிட்டு, கணினியோடு வாசற்படியருகே தரையில் உட்கார்ந்தாள். மெழுகு வண்ணக்குச்சியின் வாசனையும் துவைத்த போர்வையின் வாசனையும் கலந்து வர, குளியலறையில் சரியாக மூடாத குழாய் சொட்ட, காகிதத்தில் குச்சி உரசும் சத்தம் நின்று நின்று கேட்க, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் மட்டும் மற்ற இடங்களைவிட முன்னதாகவே இருட்டிக்கொண்டிருந்தது.

திரையில் எழுத்து வந்தது.

'வந்து உக்காந்துட்டா.'

கொஞ்ச நேரம் கழித்து, 'உன்னைத்தான் பாக்கறா. என்னைப் பாக்கல.'

மகள் தலையைத் தூக்கினாள். அந்த இடுக்கைப் பார்த்து, சரி என்பதுபோலத் தலையாட்டினாள்.

அப்போதே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். ஆனால் மொழிபெயர்ப்பு வேலையில் ஊறியவளுக்குக் கை அந்தப் பக்கம்தான் போனது. இயந்திரத்தை இருவழிக்கு மாற்றினாள். நம் பேச்சும் அந்த மௌனத்தின் மொழிக்குப் போகட்டும் என்று.

"யாரு நீ? என் பொண்ணுகிட்ட உனக்கு என்ன வேணும்?"

கணினியின் ஒலிபெருக்கியில் பச்சை விளக்கு எரிந்தது. மொழிபெயர்த்ததை இயந்திரம் பேசும்போது மட்டும் எரியும் விளக்கு. எந்தச் சத்தமும் வரவில்லை. விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

மகள் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.

விளக்கு அணைந்தது. திரையில் பதில் வந்தது.

'எனக்கும் அம்மா வேணும்.'

கரண்ட் போனது. தெரு முழுக்க இருட்டு. கணினியை அறைந்து மூடினாள். கட்டிலை நோக்கிப் பாய்ந்தாள். போர்வை. தலையணை. வண்ணக்குச்சிகள் உருண்டு விழுந்தன. ஒரு சின்னக் கை. பிடித்தாள். வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். கூடம். கதவு. படிகள். செருப்பில்லாத காலில் ஏதோ குத்தியது. நிற்கவில்லை.

தெருவுக்கு வந்த பிறகுதான் மூச்சு விட்டாள். தூக்கினாலே நெளிந்து இறங்கிவிடும் குழந்தை இன்று கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒட்டிக்கிடந்தது. பயந்துபோயிருக்கிறாள் பாவம் என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

காதோரம் மெல்ல, தெளிவாக ஒரு குரல்.

"அம்மா."

அழுகையும் சிரிப்புமாக அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் தங்கமே! இன்னொரு தடவை சொல்லு. இன்னும் ஒரே ஒரு தடவை."

"அம்மா. அம்மா. அம்மா."

கரண்ட் வந்தது. வீடுகள் ஒவ்வொன்றாக வெளிச்சமாயின. அவள் அண்ணாந்து தன் வீட்டைப் பார்க்கப்போனாள். கழுத்திலிருந்த சின்னக் கைகள் அவள் கன்னங்களைப் பிடித்து, வேறு பக்கம் திருப்பப் பார்த்தன. பலமாக.

அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். மாடி ஜன்னலில் அவள் மகள் நின்றிருந்தாள். இரண்டு கைகளாலும் கண்ணாடியை அடித்துக்கொண்டு, வாயை அகலத் திறந்து, சத்தமே இல்லாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.