உள்ளே எத்தனை பேர்

வாசலில் மூன்று ஜோடி ஷூ கிடந்தன. உள்ளே தங்கியிருப்பதோ இரண்டே பேர்.

தீக்ஷாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. நியூஜெர்சியில், இங்கிலாந்துப் பாணியில் கருங்கல்லால் கட்டிய அந்தப் பழைய பள்ளி விடுதியில், ஷூவை வெளியே கழற்றிவிட்டு அறைக்குள் போகிறவர்கள் அவளும் லக்சனாவும் மட்டும்தான். இன்னொரு தடவை காரிடாரில் ஷூவைப் பார்த்தால் இரண்டு பேரையும் வேறு வேறு அறைக்கு மாற்றிவிடுவதாக வார்டன் மிரட்டியிருந்தாள். தீக்ஷா சரியான பிடிவாதக்காரி. "ஊரெல்லாம் மிதிச்ச ஷூவோட படுக்கிற ரூமுக்குள்ள வர முடியாது, என்ன வேணா பண்ணிக்கட்டும்" என்றுவிட்டாள். ஆனாலும் லக்சனா இல்லாத அறையை அவளால் நினைத்தே பார்க்க முடியாது.

தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். லக்சனாவுக்குக் காய்ச்சல், மில்பிடாஸில் இருக்கும் வீட்டுக்குப் போக முடியவில்லை. அவளைத் தனியே விட மனசு வராமல் தீக்ஷாவும் தன் ஊரான ஃபிரிஸ்கோவுக்கு எடுத்த டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிவிட்டாள். நாலரை மணிக்கே இருட்டிப்போன காரிடாரில் ஹீட்டர் குழாய் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. சூடேறிய இரும்பின் வாசனை, பழைய கார்ப்பெட்டின் புழுக்கம், அதற்கும் அடியில் குளத்துச் சேறு மாதிரி ஏதோ ஒரு நாற்றம்.

மூன்றாவது ஜோடி, நூறு வருஷத்துக்கு முந்தைய பாணியில் பித்தான் வைத்த கறுப்புத் தோல் ஷூ. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வெளியே மழை இல்லை.

ஊருக்குக் கிளம்பாத எவளோ வார்டனிடம் மாட்டிவிடப் பார்க்கிறாள். விரல் நுனியில் தூக்கிப் போய் மாடிப்படிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். வாசலில் இப்போது ஐந்து ஜோடி.

உள்ளே ஓடிக் கதவைத் தாழிட்டாள். "லக்ஸ், யாராச்சும் வந்தாங்களா?"

"ஜஸ்ட் தி கேர்ள்ஸ்," போர்வைக்குள்ளிருந்து முனகல்.

"எந்த கேர்ள்ஸ்டி?"

வெளியே தொப்பென்று ஒரு சத்தம். இன்னொரு தொப். யாரோ ஷூவைக் கழற்றிப் போடுகிற சத்தம். மறுபடி. மறுபடி.

பொறுக்க முடியாமல் கதவைத் திறந்தாள்.

காரிடார் முழுக்க ஷூ. ஆள் இல்லை. பிறந்தநாள் வீட்டு வாசலில் ஷூவை எண்ணினால் உள்ளே எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். அவள் எண்ணினாள். முப்பதில் நிறுத்தினாள்.

அத்தனை பேரும் உள்ளே.

பயம். கூடவே கோபம். திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். லக்சனாவின் கொதிக்கும் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கள மாதிரியே உங்களையும் இங்க யாரும் சேத்துக்கல போல. பாவம்தான். ஆனா இவ என் ஃப்ரெண்ட். இவளத் தர மாட்டேன். போங்க!"

யாரும் போகவில்லை.

கட்டிலின் கால்மாடு அமுங்கியது. பிறகு பக்கவாட்டில். பிறகு அவள் முதுகுக்குப் பின்னால். கண்ணைத் திறக்காமலே லக்சனா காலை மடக்கி இடம் விட்டாள்.

தீக்ஷா பிடியை விடவில்லை.

லக்சனாவின் இன்னொரு கை போர்வையை விட்டு மெல்ல எழுந்தது. காற்றில் எதையோ கோத்துக்கொள்வதுபோல் விரல்கள் மடங்கின. அந்த மணிக்கட்டிலிருந்து தண்ணீர் வழிந்து, வெள்ளை விரிப்பில் சொட்டத் தொடங்கியது.