பூச்சியம் காட்டிய வெள்ளிக்கிழமை

2151ஆம் ஆண்டின் ஆம்பூரில் வெள்ளிக்கிழமை காலையென்றால் இரத்தம் கழுவும் நேரம். தலைக்கு எண்ணெய் வைத்தபடியே பெண்கள் கழுவுநிலையத்துக்கு வருவார்கள். கையில் குழாயைச் செருகிக்கொண்டு ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் வேலை ஆகிவிடும். தோல் ஆலைக் கழிவு ஊறிய கிணறுகளைக் கழுவி முடித்தது போன தலைமுறை. அந்தத் தண்ணீர் வழிவழியாக ஏறிய உடம்புகளைக் கழுவுவது இந்தத் தலைமுறை.

நிறைமொழியின் மகளுக்கு நான்கு மாதம். கறை ஒட்டாத பூச்சுகளிலிருந்து கிளம்பி என்றும் அழியாமல் தங்கும் நிலைமாசு, தாயின் உடம்பில் மிஞ்சியிருந்தால் பால் வழியே இறங்கும். அதனால் அதை அளக்கும் கருவியான அளவி பூச்சியம் காட்டும்வரை குழந்தைக்குப் புட்டிப்பால்தான். பால் வற்றிவிடக் கூடாதே என்று அவள் தினமும் பீய்ச்சி, மாசை அழிக்கும் நிலையத்து இயந்திரமான பிணைப்பறுப்பானில் ஊற்றிவந்தாள்.

அந்த இயந்திரம் செய்வது அழகான வேலை. கரியணுவும் ஃபுளோரின் அணுவும் கைகோத்துவிட்டால் அந்தப் பிடி வெயிலுக்கும் கிருமிக்கும் அசையாது; அப்படிக் கோத்த சங்கிலிதான் நிலைமாசு. இயந்திரம் நிலைமாசை மட்டும் பிசினில் ஒட்டவைத்துப் பிரித்தெடுக்கும். பிறகு புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, நீரில் கரைத்த கந்தக உப்பிலிருந்து எலெக்ட்ரான்களை உதிர்த்து அதன்மேல் மோதவிடும். ஃபுளோரின்கள் ஒவ்வொன்றாகப் பிடி தளர்ந்து கழன்றுவிழும். சுண்ணாம்பு நீர் அவற்றைப் பிடித்துக்கொள்ள, அடியில் வெள்ளைப் பொடி படியும். அவ்வளவுதான்.

“உன் பொண்ணவிட இந்த மெஷினுக்குத்தான்டி கன்னம் உப்பியிருக்கு” என்று செவிலி சகாயமேரி வாராவாரம் சீண்டுவாள். நிறைமொழி அங்கே சிரித்துவிட்டு வீட்டில் போய் அழுவாள்.

அன்று அளவி பூச்சியம் காட்டியது. சகாயமேரி இரண்டு தடவை சரிபார்த்தாள். திரையை இழுத்து மறைத்துவிட்டு, “குடு” என்றாள். குழந்தை முதலில் முகத்தைத் திருப்பியது, பிறகு பற்றிக்கொண்டது. இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவிலும் அது விழுங்கும் ஓசை தாய்க்குக் கேட்டது.

வயிறு நிறைந்ததும் கொஞ்சம் கக்கியது. பூச்சியம் எட்டிய தாய்மாருக்கு நிலையம் அன்பளிப்பாகத் தரும் குழந்தைத் துணியைச் சகாயமேரி மடியில் விரித்தாள். கக்கிய பால் முத்து முத்தாக உருண்டோடியது. துணி நனையவே இல்லை.

“என்னக்கா, ஒட்டவே மாட்டேங்குது?”

“புதுசும்மா. கறையே புடிக்காது.”

நிறைமொழியின் முகம் வாடியது. “இதுல அது இருக்குமோ?”

சகாயமேரி துணியின் ஓரத்தை அளவிக்குள் வைத்தாள். பச்சை விளக்கு. பூச்சியம்.

“பாத்தியா? நிலைமாசுப் பட்டியல்ல இருக்குற பன்னண்டாயிரத்துல ஒண்ணுகூட இல்ல.”

இருவருக்கும் மனம் குளிர்ந்தது. அளவி பட்டியலிலுள்ள பெயர்களை மட்டுமே தேடும். துணியின் பூச்சோ, பழைய நிலைமாசின் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணியை மாற்றிப் போன ஆண்டு செய்தது. அது இன்னும் பட்டியலில் ஏறவில்லை.

குழந்தை துணியின் முனையை வாய்க்குள் இழுத்து, கண்ணை மூடிச் சப்பத் தொடங்கியது.