லுவேராவின் பத்தாவது குடிமகன்

பிடரியில் தொடங்கிய வலி தோள்பட்டை வழியாக இறங்கி முழங்கையில் வந்து நின்றது. பேச்சித்தாய் மூட்டையை இறக்கிவிட்டுக் கழுத்தை இருபுறமும் திருப்பிப் பார்த்தாள். எலும்பு நெரிபடும் சத்தம் அவளுக்கே கேட்டது. நாற்பத்தேழு மூட்டை ஆகிவிட்டது. கடல் திரும்பி ஏறுவதற்குள் இன்னும் இருபது சுமக்க வேண்டும்.

"என்ன பேச்சி, நாட்டுக்காக ஒழைக்கயில மூஞ்சி இப்படியா இருக்கும்?" என்றார் பின்னால் வந்த கொம்பையா.

"நீரு சனாதிபதி. உமக்குச் சிரிப்பு வரும். எனக்குக் கழுத்துல்லா போவுது."

அந்த வாரம் கொம்பையாதான் லுவேரா குடியரசின் தலைவர். திங்கட்கிழமைதோறும் முறை மாறும். தலைவர் என்பதற்காக மூட்டை குறையாது. கொடியை ஏற்றி இறக்குவது கூடுதல் வேலை, அவ்வளவுதான். தூத்துக்குடி உப்பளத்தில் இருவரும் ஒரே பாத்தியில் இருபது வருஷம் உப்பு வாரியவர்கள். கடல் ஏறி உப்பளம் போன பிறகு இங்கே வந்தவர்கள்.

லுவேராவைக் குறுக்கே கடக்க இருபது எட்டுப் போதும். ஒரு காலத்தில் முப்பத்திரண்டு தீவுகள் இருந்தனவாம். கடல் ஏறியதும் அந்த மக்கள் குளிர்தேசங்களுக்குக் குடிபோய்விட்டார்கள். மிஞ்சியது இந்த மணல்திட்டு, இருநூற்று நான்கு சதுர மீட்டர். ஆனால் அதைச் சுற்றி நாலாபக்கமும் இருநூறு மைல் கடல் இந்த நாட்டுக்குச் சொந்தம். அந்தக் கடலடியில் உருண்டை உருண்டையாக உலோகம் கிடக்கிறது. அதை அள்ளுகிற நிறுவனத்துக்கு நாடு சாகாமல் இருக்க வேண்டும்.

நாடு சாகாமல் இருக்க உலக ஒப்பந்தம் இரண்டு நிபந்தனை வைத்திருந்தது. பகலில் கடல் ஏறி நிற்கும் ஏற்றத்தின்போது இருநூறு சதுர மீட்டர் நிலம் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். அதன்மேல் குடிமக்கள் பத்துப் பேர் உயிரோடு இருக்க வேண்டும். மேலே சுற்றும் தலையெண்ணி என்ற செயற்கைக்கோள் தினமும் அந்நேரத்தில் நிலத்தை அளந்து, உடம்புச் சூட்டையும் அசைவையும் வைத்து ஆட்களை எண்ணிவிட்டுப் போகும். இயந்திரம் வைத்து மண் கொட்டினால் அது செயற்கைத் தீவு, செல்லாது. ஆள் சுமந்து கொட்டினால் பராமரிப்பு, செல்லும். அதனால்தான் மூட்டை. அதனால்தான் பேச்சித்தாயின் கழுத்து.

"வாட்டிகன்ல பொறந்தாக் குடிமகன் ஆவ முடியாதாம் பேச்சி, தெரியுமா?" கொம்பையா மூட்டையை அவிழ்த்தபடியே சொன்னார். சின்ன நாடுகளைப் பற்றிப் படிப்பது அவருக்கு ஒரு பைத்தியம். "வேல பாத்தாத்தான் குடிமகன். வேல போச்சுன்னா குடியுரிமையும் போச்சு."

"அப்பம் நம்ம மாதிரின்னு சொல்லும்."

"நம்ம மாதிரிதான். சான் மரினோன்னு ஒண்ணு. அங்க ஒரே நேரத்துல ரெண்டு தலைவராம். ஆறு மாசத்துக்கு ஒருக்க மாத்திருவாவ. ரெண்டு பேர்ல ஒருத்தனாவது மூட்ட தூக்குவானான்னுதான் போடல."

சிரித்துக்கொண்டே மணலில் உட்கார்ந்தார். கையை நெஞ்சில் வைத்தார். தண்ணீர் கேட்கப் போகிறார் என்று பேச்சித்தாய் நினைத்தாள். அவர் பக்கவாட்டில் சாய்ந்தார். ஓடிப்போய்த் தூக்கியபோது வாயோரம் மணல் ஒட்டியிருந்தது. மூச்சு இல்லை.

கரையோரம் நங்கூரமிட்ட தங்குபடகின் திரையில் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் நவநீதன் வந்தான். சென்னையில் உட்கார்ந்துகொண்டு நாட்டை நடத்துகிறவன்.

"மாற்று ஆள் நாளைக்கு மதியம் ஒன்றரைக்கு விமானத்துல வர்றாரு. அதுக்கு முன்னாடி ரெண்டு பகல் ஏற்றம் இருக்கு. இன்னிக்குப் பதினொன்றரை, நாளைக்குப் பன்னிரண்டு இருபது. ஒரு தடவை ஒன்பதுன்னு பதிவானாலும் லுவேரா முடிஞ்சுது. நீங்க ஒன்பது பேரும் எந்த நாட்டுக்காரங்களும் இல்ல. புரியுதா?"

பேச்சித்தாய்க்குப் புரிந்தது. ஏழு வருஷ ஒப்பந்தத்தில் நாற்பத்தொரு நாள் பாக்கி. இந்தியக் குடியுரிமையை விட்டுக்கொடுத்துத்தான் இங்கே வந்தாள். திரும்பப் பெற லுவேரா அரசின் விடுவிப்புச் சீட்டு வேண்டும். லுவேராவே இல்லையென்றால் எவன் முத்திரை போடுவான்?

முதல் நாள் சிரமமில்லை. அந்த வெயிலில் உடம்பு ஆறவேயில்லை. மடியில் தலையை வைத்து மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள். தலையெண்ணி கடக்கும் நாலு நிமிஷமும் தேசியகீதம் ஒலித்தது. பத்து என்று பதிவாயிற்று.

ராத்திரி மீன் வைக்கும் ஐஸ்பெட்டியில் கிடத்தினார்கள். மறுநாள் காலையில் எடுத்தபோது கட்டையாக விறைத்திருந்தார்.

"செத்தவரப் போட்டு இப்படி வதைக்கணுமாக்கா?" செல்லக்கனி அழுதாள். ஒன்பது பேரில் இளையவள். வந்து எட்டு மாதம்தான். "இது அடுக்குமா?"

"அடுக்காதுதான். இன்னும் ஒரு பொழுது அண்ணாச்சி உசிரோட இருக்கட்டும். விமானம் வந்ததும் இந்த மண்ணுல முறையா அடக்கம் பண்ணுவோம். நான் பொறுப்பு." பிறகு குனிந்து அவர் காதருகே சொன்னாள், "கேட்டுக்கிட்டீரா? ஆறடி மண்ணு. என் வாக்கு."

உப்பளத்துக்காரிக்கு வெயிலின் கணக்குத் தெரியும். எந்த மணல் எந்நேரம் எவ்வளவு சூடு பிடிக்கும், எத்தனை கை தண்ணீர் தெளித்தால் எவ்வளவு இறங்கும் என்பது காலே சொல்லும். முகட்டின் காய்ந்த மணலை அள்ளினாள். சூடு கூடினால் தலையெண்ணி அதை மனிதன் என்று ஒப்பாது, குறைந்தாலும் ஒப்பாது. தண்ணீர் தெளித்துப் பிசைந்து, ஒவ்வொரு பிடியையும் தன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். தன் உடம்புச் சூடும் மணலின் சூடும் வித்தியாசம் தெரியாமல் போனதும் அவர் சட்டைக்குள்ளும் கைலிக்குள்ளும் நிரப்பினாள். முகத்துக்கு வெந்நீர்த் துண்டு. அசைவும் வேண்டும் என்பதால், தலையை மடியில் ஏந்திப் பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல ஆட்டிக்கொண்டேயிருந்தாள்.

பன்னிரண்டு இருபது. நிலம் இருநூற்று மூன்று. உயிர் பத்து.

விமானம் தண்ணீரில் வந்து இறங்கியது. ஒல்லியாக ஒருவன் பையோடு இறங்கினான்.

"எந்த ஊருய்யா? பேரென்ன?"

"தொண்டிப் பக்கம். பேரு..." அவன் தயங்கினான். "காகிதத்துல கொம்பையான்னு போட்டிருக்காங்க. அதையே சொல்லச் சொன்னாங்க."

பேச்சித்தாய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முகட்டுக்குப் போனாள். இரண்டடி தோண்டுவதற்குள் படகுக் கேமராவில் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்த பேசியில் நவநீதன் வந்துவிட்டான்.

"என்ன பண்றீங்க?"

"குழி வெட்டுதேன்."

"யாருக்கு?"

"யாருக்கா? செத்துக் கெடக்காரே, அவருக்கு."

"யாரும் சாகல பேச்சித்தாய். நேத்துப் பத்து, இன்னிக்குப் பத்து. ஒப்பந்தத்துல பதிவாயிருக்கு. பதிவாக வெச்சதே நீங்கதான். அங்க ஒரு குழி தெரிஞ்சா ரெண்டு நாள் கணக்கும் பொய்னு ஆகும். முகடும் தாழும், திங்கட்கிழமை பெரிய ஏற்றம் வேற. உடம்பை விமானத்துல ஏத்துங்க. எல்லைக்கு வெளிய கடல்ல விட்டுடுவாங்க."

"அவரு பொண்டாட்டி இசக்கியம்மாளுக்கு என்ன சொல்லுவீரு?"

"மாசாமாசம் போற செய்திதான். கொம்பையா நலம்."

மண்வெட்டியை ஓங்கினாள். வெட்டிவிடலாம், பொய்யென்று ஆனால் ஆகட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். ஓங்கிய கையைப் பிடித்தது செல்லக்கனி.

"வேண்டாங்கா," என்றாள், காலையில் அழுத அழுகையெல்லாம் காய்ந்த முகத்தோடு. "நாடு போயிரும். உனக்கு நாப்பது நாளு. எனக்கு ஆறு வருசத்துக்கு மேல கெடக்கு."

குழிக்குள் தண்ணீர் ஊறத் தொடங்கியது. பேச்சித்தாய் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்பது நாள் என்று மனசு எண்ணியது. அந்த மனசின் மேல் காறித் துப்பலாம்போல இருந்தது.

பிறகு தோண்டிய மண்ணைத் தானே திரும்பத் தள்ளினாள். காலால் மிதித்துச் சமப்படுத்தினாள். கொம்பையாவைச் சாக்கில் சுற்றி நாலு பேர் விமானத்தில் ஏற்றினார்கள். அவர் சட்டைக்குள் இருந்த மணலை ஏற்றுமுன் தட்டி எடுத்துவிடச் சொன்னான் நவநீதன். அது நாட்டின் மண்ணாம். தட்டி எடுத்தாள்.

கடல் வற்றும் அடுத்த வேளைக்கு மூட்டைகள் காத்திருந்தன. புதுக் கொம்பையாவுக்கு மூட்டையைக் கழுத்தில் ஏற்றாமல் தோளில் ஏற்றச் சொல்லிக்கொடுத்தாள்.

நாற்பத்தோராம் நாள் விடுவிப்புச் சீட்டு வந்தது. அந்த வாரத் தலைவர் செல்லக்கனி முத்திரை போட்டுக் கொடுத்தாள். பேச்சித்தாய் வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள்.

கொம்பையாவுக்கு அவள் ஆறடி மண் தரவேண்டும். இன்னும் தரவில்லை.