அடம் பிடித்த ஒரு ஃபைல்

அந்தச் செருப்பை யாரும் படம் எடுத்ததே இல்லை. ஆனால் பிரவுசர் சேர்த்துவைத்திருந்த தற்காலிக ஃபைல்களுக்கு நடுவே, கட்டைவிரல் அளவுப் படமாக, மகளின் வார் அறுந்த நீலச் செருப்பு இருந்தது.

பிற்பகல் மூன்று மணி. பக்கத்து அறையில் மகள் காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் நேரம் வாங்கும் பக்கம் திறக்காமல் அரைமணி நேரமாகச் சுற்றிக்கொண்டே இருந்ததால் அம்மா தன் தம்பிக்கு போன் போட்டிருந்தாள். கம்ப்யூட்டர் ரிப்பேர்தான் அவன் பிழைப்பு. கடையில் உட்கார்ந்தபடியே அக்காவின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்துவிட்டான். மவுஸ் மேசையில் சும்மா கிடக்க, திரையில் அம்பு மட்டும் தானாக ஊர்ந்தது.

“உன் மவுஸை லாக் பண்ணிட்டேன்க்கா. நீ பாட்டுக்கு எதையாவது அமுக்கித் தொலைப்ப.” ஸ்பீக்கரில் சிரித்தான். “இந்தப் பழைய ஃபைலையெல்லாம் அழிச்சாத்தான் பேஜ் திறக்கும். அத்தனையும் குப்பை. போனா போகட்டும்.”

செருப்பு போயிற்று. அடுத்தது ஒரு ஃபேன், றெக்கையில் தூசியோடு. அதுவும் போனது. மருந்து வாடையும் ஈரத்துணி வாடையும் வந்துகொண்டிருந்த அந்த அறையிலிருந்து, காலையிலிருந்து அவள் காதுக்குப் பழகிப்போயிருந்த கிறீச் கிறீச் சத்தம் சட்டென்று நின்றது. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தாள். ஆனால் அவள் தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த படம் ஜன்னல். அம்பு அதைத் தொட்டது. மூடியிருந்த கதவுக்கு அடியில் தெரிந்த வெயில் கோடு அணைந்தது.

“அம்மா, ஒரே இருட்டா இருக்கு.”

அவள் திரையைப் பார்த்துக் கத்தினாள்.

“டேய், நிறுத்துடா!”

“பாதியில விட்டா மொத்தமும் கெட்டுடும்க்கா. ரெண்டு நிமிஷம் பொறு.”

மவுஸை இழுத்தாள். அம்பு மசியவில்லை. கட்டில் போனது. உள்ளே ஏதோ தொப்பென்று விழுந்தது. அழுகை. அடுத்த படம், கதவு.

ஓடினாள். நாலே எட்டு. நீட்டிய கை சுவரில் மோதியது.

வழவழப்பான சுவர். கைப்பிடி இல்லை. விரிசல்கூட இல்லை.

“ஒரே ஒரு ஃபைல் மட்டும் அடம் பிடிக்குதுக்கா. உபயோகத்துல இருக்குன்னு சொல்லுது. இரு, வலுக்கட்டாயமா எடுத்துடறேன்.”

“அது பாப்பாடா! தொடாதே!”

க்ளிக்.

“எந்தப் பாப்பா?” என்றான் தம்பி. விளையாட்டாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டான். “சரி, இங்க பாரு, பேஜ் திறந்துடுச்சு. சும்மா பறக்குது. நோயாளி பேரு கேக்குது. யாருக்குக்கா உடம்பு சரியில்ல?”

சொல்ல வாயைத் திறந்தாள். பேர் வரவில்லை. முகமும் வரவில்லை.

சுவருக்கு உள்ளே, அவள் இடுப்பு உயரத்தில், யாருடையதோ ஒரு சின்னக் கை தட்டிக்கொண்டே இருந்தது.